மலை ஏறி வருகிற மருத்துவம்



கொல்லிமலையில் மைக்கைப் பிடித்தால், இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியில்தான் தொடங்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். ஓரி வள்ளல், இன்று ஒருநாள் என்னை மன்னிப்பான். நான் இங்கே வளவந்தியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கல்லறைகளிலிருந்து தொடங்குகிறேன்.

அங்கே உறங்குகிறவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும். ஜெஸ்ஸி இங்கிலாந்தில் கட்டடத் தொழில் பார்த்தவர். பெரிய டாக்டர் பட்டம் எதுவும் இல்லை. வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிக் கொஞ்ச காலப் பயிற்சி, அவ்வளவுதான். 1913இல் ஈவ்லினை மணந்துகொண்டு இந்த மலைக்குக் குடிவந்தார். மதம் பரப்பத்தான் வந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வந்த இடத்தில் அவர் கண்ணில் பட்டது என்ன? நரம்புச் சிலந்தி. காலில் கொப்புளம் உடைந்து, நூல் மாதிரி புழு வெளியே தலைகாட்டும். அவசரப்பட்டு இழுத்தால் உள்ளே அறுந்து சீழ் வைத்துவிடும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, பொறுமையாக வெளியே எடுப்பார். எடுத்ததோடு விட்டிருந்தால் அவர் வெறும் வைத்தியர். இந்தப் புழு குடிதண்ணீரில்தானே வருகிறது, ஆள் உள்ளே இறங்கித் தண்ணீர் எடுக்காதபடி கிணற்றுக்குச் சுவர் வையுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் மன்றாடினார் பாருங்கள், அங்கேதான் அந்தக் கொத்தனார் டாக்டராகிறார். அவர் மன்றாடிப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான், இந்தியாவில் நரம்புச் சிலந்தி அறவே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000ஆம் ஆண்டில்!

1929இல், மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார். ஈவ்லின் அம்மா இந்த வேலையை விட்டுவிடவில்லை. அவரை அனுப்பிய மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தபோது வயது எழுபதை நெருங்கியிருந்தது. "சரி, ஓய்வுதானே, இனி என் இஷ்டம்" என்பதுபோல அந்த அம்மா மறுபடியும் மலை ஏறிவிட்டார். மட்டக்குதிரை மேல் ஏறி, கொல்லிமலை மட்டுமா, பச்சைமலை, கல்வராயன் என்று சுற்றினார். 1974இல் 95 வயதில்தான் அந்தச் சுற்று நின்றது.

இவர்கள் மகன் பால் பிராண்ட் இந்த மலையில் ஓடி விளையாடிய பிள்ளை. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்து, தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக் காட்டினார். உலகமே வேலூரைத் திரும்பிப் பார்த்தது.

எனக்குப் பெருமைதான். கூடவே ஒரு வருத்தமும் உண்டு. மலையில் வளர்ந்த பிள்ளையின் கைத்திறன் வேலூரில் வேரூன்றியது. மலையில் இருந்த வேலையோ இரண்டு மனிதர்களின் உயிரோடு கட்டப்பட்டிருந்தது. தியாகிகளை நம்பி ஒரு மலை எத்தனை காலம் இருக்க முடியும், சொல்லுங்கள்? ஆள் மாறினாலும் வேலை நிற்காத ஏற்பாடு வேண்டும். தொண்டு மருத்துவமனைகள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்து நிற்பது அதற்காகத்தான்.

மதுரையில் டாக்டர் வெங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களால் கத்தி பிடித்தவர் அவர். பணம் கொடுப்பவர் கொடுக்கட்டும், அதில் கொடுக்க முடியாதவருக்கும் அதே அறுவை நடக்கட்டும் என்று கணக்குப் போட்டார். பிறகு தேனி, திருநெல்வேலி, கோவை என்று பரவியது. ஆனால் அங்கே எனக்குப் பிடித்தது பெரிய கட்டடங்கள் இல்லை. சின்ன ஊர்களில் இருக்கும் பார்வை மையங்கள். பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைச் சோதிப்பார். தொலைவில் இருக்கும் டாக்டர் கணினி வழியாகப் பார்த்துப் பேசுவார். கண்ணாடி போதும் என்றால் வேலை அங்கேயே முடிந்தது. கத்தி வேண்டும் என்றால் மட்டும் பயணம்.

எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, காரவள்ளியில் தலைசுற்றலோடு நின்று, பிறகு நாமக்கல்லா சேலமா என்று யோசிக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். மருந்துச் செலவை விடுங்கள். வண்டி வாடகை, கூட வருகிறவரின் கூலி, கீழே இரவு தங்கும் செலவு, இதற்குப் பயந்துதானே நம் கிழவிகள் "கண்ணு மங்கினா மங்கட்டும்" என்கிறார்கள்?

இன்னும் நெருக்கமான உதாரணம் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கி. அங்கேயும் நம் மலையாளிப் பழங்குடி மக்கள்தான். டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1990களின் தொடக்கத்தில் ஒரு கூரைக் குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். வெளியூரிலிருந்து நர்ஸ் வரமாட்டார் என்பது தெரிந்ததும், உள்ளூர்ப் பெண்களையே செவிலியராக்கினார்கள். ஊருக்கு ஊர் ஒரு மூத்த பெண்மணியை ஊராரே தேர்ந்தெடுத்து அனுப்ப, அவர்களுக்கும் பயிற்சி. ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் நூற்றுக்கு மேல் இறந்துகொண்டிருந்த பள்ளத்தாக்கு அது. அந்தச் சாவு இருபதை ஒட்டி இறங்கியது. பிறகு அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் விவசாயிகளுக்குச் சங்கம் அமைக்கக் கைகொடுத்தார்கள். டாக்டருக்கு எதற்கு விவசாயம் என்று கேட்காதீர்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நம் காட்டில் மரவள்ளி ஏறியபோது கிழங்கு ஆலைக்குப் போனது, காசு வந்தது. தட்டில் என்ன வந்தது?

செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது, 108 வண்டி இருக்கிறது. அவற்றை ஓரங்கட்டிவிட்டு எந்த அறக்கட்டளையும் இங்கே வேலை செய்ய வேண்டாம். அவற்றுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் நடுவில் விழும் இடைவெளியை அடைக்கட்டும். ஆகவே ஊர்ப் பெரியவர்களே, யாராவது மருத்துவமனை கட்ட நிலம் கேட்டு வந்தால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எங்கள் பெண்பிள்ளைகளில் எத்தனை பேரைப் படிக்க வைப்பீர்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு மலைமேல் யார் இருப்பார்? கீழே அனுப்பினால் வண்டிக்காசு யாருடையது? மூன்றுக்கும் பதிலை எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு நிலத்தைக் காட்டுங்கள்.