ஊதாரி என்னும் சொல்
(ஜூபிலி நவநாளில் பங்குத்தந்தை ஆற்றிய மறையுரை)



ஆங்கிலத்தில் ‘பிராடிகல்’ என்றொரு சொல் உண்டு. வெளியூர் போய்த் திரும்பி வருகிறவன் என்றே பலரும் அதற்குப் பொருள் கொள்கிறார்கள். பத்து வருடம் துபாயில் உழைத்து வந்த தம்பி ஒருவர், “நான்தான் சாமி பிராடிகல் சன்!” என்று சிரித்தார். மாதந்தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்பியவருக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? அது ‘ப்ரோதிகுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கைப்பொருளை விரட்டியடிக்கிறவன், அதாவது ஊதாரி, என்பதே பொருள். திரும்பி வருதல் அதில் இல்லை.

பழைய டூவே ஆங்கில வேதாகமத்திலும் லூக்காஸ் 15-ஆம் அதிகார வசனங்களில் அந்தச் சொல் வரவில்லை. உவமைக்குச் சூட்டிய பெயர்தான் அது. நாமும் ‘ஊதாரி மைந்தன்’ என்றோம். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘காணாமற்போன மகன்’ என்று தலைப்பிட்டது. எனக்கு அதில் பாதிச் சம்மதந்தான். ஆடும் காணாமற்போயிற்று, காசும் காணாமற்போயிற்று. அவை யார் சொத்தையும் அழிக்கவில்லையே!

இதை ஏன் சொல்கிறேன்? பிள்ளையின் புதுநன்மைக்குத் தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பிரியாணி போட்ட வீடுகள் நம் காட்டாங்குளத்தூரிலேயே உண்டு. வட்டி ஏறுகிறது, பள்ளிக்கூடக் கட்டணம் நிற்கிறது. இதைச் சொன்னபோது, “தகப்பனும் கொழுத்த கன்றை அடித்தாரே சாமி!” என்று ஒரு தாய் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. சற்று யோசித்து, “அது அவர் தொழுவத்துக் கன்று அம்மா, கடனுக்கு வாங்கியதல்ல” என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

அடுத்த புதுநன்மைக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் கோயில் வளாகத்தில் ஒரே விருந்து வைக்கலாமா என்று பங்குப் பேரவையில் கேட்கப்போகிறேன். பாத்திரங்கள் நம்மிடமே இருக்கின்றன.