அகஸ்தீஸ்வரத்தில் மறைந்திருந்த இயக்குநர்

மலையாளத்தின் முதல் திரைப்படமான ‘விகதகுமாரன்’ படத்தை எடுத்தவர் ஜே. சி. டேனியல். அவர் தம் கடைசிக் காலத்தைக் கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் கழித்தார். 1960களில் பத்திரிகையாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை, கேரளத் திரையுலகம் அவரை அறியவே இல்லை. 1938இல் வந்த ‘பாலன்’ என்ற பேசும் படத்திலிருந்தே அங்கு வரலாறு தொடங்கியதாகப் பலரும் நம்பியிருந்தனர்.

களரி வீரரான டேனியல், நிலத்தை விற்று, 1926இல் திருவனந்தபுரத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். கதை, ஒளிப்பதிவு, இயக்கம், நாயக வேடம் எல்லாம் அவரே. பெரும்பாலும் புராணக் கதைகளே படமாகிவந்த காலத்தில், இலங்கைக்குக் கடத்தப்படும் ஒரு சிறுவனின் சமூகக் கதையை அவர் எடுத்தது துணிச்சலான செயல்.

அதைவிடத் துணிச்சலானது நாயகித் தேர்வு. ஒடுக்கப்பட்ட புலையர் சமூகத்தைச் சேர்ந்த பி. கே. ரோசி, நாயர் பெண்ணாக நடித்தார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் படம் வெளியானபோது அவரை உள்ளே விடவில்லை. திரையில் நாயகன் அவர் கூந்தலில் சூடிய பூவை முத்தமிட்டதும் கல்லெறி தொடங்கியது. அவர் குடிசைக்கும் தீ வைத்தார்கள். ரோசி ஊரைவிட்டுத் தப்பி, லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார்.

கடனில் மூழ்கிய டேனியல் ஸ்டூடியோவை மூடிவிட்டுப் பல் மருத்துவரானார். மிஞ்சியிருந்த படச்சுருளையும், சிறுவனாக இருந்த அவர் மகன் விவரம் தெரியாமல் எரித்துவிட்டான். இதனால் பின்னாளில் துப்புத் துலக்க வந்த கோபாலகிருஷ்ணனுக்குப் படமே கிடைக்கவில்லை. முதியவரின் நினைவும் சில புகைப்படங்களுமே சாட்சி. படம் வெளியான ஆண்டு 1928 என்பாரும் 1930 என்பாரும் இன்றும் உண்டு.

நலிந்த கலைஞருக்கான உதவித்தொகைக்கு கோபாலகிருஷ்ணன் போராடினார். டேனியல் தமிழ்நாட்டில் வசிப்பவர் என்று சொல்லிக் கேரள அரசு மறுத்தது. படம் எடுத்த நாளில் அகஸ்தீஸ்வரம் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956இல்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததற்கு ஒரு கலைஞனைத் தண்டித்தது பெரும் அநீதி. 1975இல் டேனியல் இறந்தார். அவர் பெயரில் கேரள அரசு விருது நிறுவியது 1992இல்.

வினு ஆபிரகாம் எழுதிய ‘நஷ்டநாயிகா’ நாவல் தேடலை ரோசியின் பக்கம் திருப்பியது. அந்த நாவலையும் கோபாலகிருஷ்ணனின் நூலையும் தழுவி, கமல் இயக்கிய ‘செல்லுலாயிட்’ 2013இல் வந்தது, ‘ஜே. சி. டேனியல்’ என்று தமிழிலும் வெளியானது.  டேனியல், ரோசி இருவரையும் மறைத்தவை சாதியும் அரசுக் கோப்பும்.

படச்சுருள் அழிந்த கதை இங்கும் உண்டு. தமிழகத்தின் முதல் மௌனப்படமான ‘கீசகவத’த்தை எடுத்த வேலூர் நடராஜ முதலியார், பழைய வட ஆற்காட்டு மண்ணின் மைந்தர். அவர் படங்களும் அழிந்துபோயின. அதே வட ஆற்காட்டில் இருந்த திருவண்ணாமலை, ஆரணி, செங்கம் பக்கம் டூரிங் கொட்டகை நடத்திய குடும்பங்களின் பரண்களில் பழைய நோட்டீசோ படச்சுருளோ கிடந்தால், அதைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவியுங்கள்.