நம் மாவட்டத்தில் யார் யார் வாழ்கிறார்கள்?

(தேனி மாவட்ட ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அரங்கில் அமர்ந்திருக்கிறீர்கள். நம் எல்லாருக்கும் பொதுவான ஒரு வேலையைப் பற்றிப் பேச நினைக்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரும்போது வீடு வீடாகப் போய் விவரம் எழுதுகிறவர்களில் பெரும்பகுதியினர் ஆசிரியர்கள்தான். 2025 ஜூனில் வந்த அறிவிக்கைப்படி அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இந்த முறை எல்லாருடைய சாதியும் கேட்கப்பட இருக்கிறது. வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்கும் அதே ஆசிரியர், மறுநாள் காலை அந்த வீட்டுக் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து வருகைப் பதிவு எடுப்பார். இந்த இரண்டு வேலைகளையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பின்படி தேனி மாவட்ட மக்கள்தொகை 12,45,899. அதில் பட்டியல் சாதியினர் 20.72 சதவீதம். அதாவது ஐந்து பேரில் ஒருவர். பட்டியல் பழங்குடியினர் 0.15 சதவீதம். ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்தினால் ஒன்றரைப் பேர். பெரும்பாலோரின் தாய்மொழி தமிழ். அடுத்தடுத்த இடங்களில் தெலுங்கும் கன்னடமும் இருக்கின்றன.

இந்தக் கலப்பு எப்படி வந்தது? நம் பள்ளத்தாக்கின் அமைப்பைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மேற்கே மலைத்தொடர், நடுவே முல்லைப் பெரியாறும் சுருளியும் பாயும் வயல்வெளி, கேரளத்துக்கு ஏறும் கணவாய்கள். இங்கே வழியும் உண்டு, தண்ணீரும் உண்டு. அதனால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கும் கன்னடமும் பேசியவர்கள் வந்து குடியேறினார்கள். இராஜகம்பளத்தார், கம்மவார், ஒக்கலிகர் என்று இன்றும் அவர்களின் வழியினர் இங்கே வாழ்கிறார்கள். கம்பத்து ஒக்கலிகர்களின் தம்பிரான் மாட்டுத் தொழுவை நம்மில் பலர் மாட்டுப் பொங்கலன்று பார்த்திருப்போம். அருந்ததியர் வீடுகள் பலவற்றில் தெலுங்கு ஒலிக்கிறது. உத்தமபாளையம், கம்பம், பெரியகுளம் ஊர்களில் ராவுத்தர் குடும்பங்கள் இருக்கின்றன. இராயப்பன்பட்டி போன்ற ஊர்களில் கிறித்தவர்கள் நிறைந்திருக்கிறார்கள்.

1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்ட பிறகு வயல் வேலை பெருகியது. மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் ஆட்களை இழுத்தன. இன்றும் விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. இவர்கள் எல்லாருக்கும் முன்பே அந்த மலைகளில் வாழ்ந்தவர்கள் பளியர்கள். வருசநாடு, மேகமலை, போடி மலைப்பகுதிகளில் அவர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. குரங்கணிப் பக்கம் முதுவர்கள் இருக்கிறார்கள். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பது முதுவர்களின் வாய்மொழி வரலாறு.

இனி, இந்த எண்கள் எதைக் காட்டவில்லை என்று பார்ப்போம்.

20.72 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோரில் மட்டுமே பட்டியல் சாதியினர் கணக்கிடப்படுகிறார்கள். 1950இன் ஆணை இந்துக்களுக்கு என்றது. பொதுவாகச் சீக்கியர்கள் 1956இலும், பௌத்தர்கள் 1990இலும் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே ஒரே தெருவில் அண்ணன் ‘இந்து’ என்று சொன்னால் இந்தக் கணக்குக்குள் வருவார். தம்பி ‘கிறித்தவர்’ என்று சொன்னால் வரமாட்டார். தெரு அதே தெரு, வீட்டு நிலைமையும் அதே நிலைமை. பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடு கிடையாது.

0.15 என்பது வேறு விதமான சிக்கல். இவ்வளவு சிறிய எண்ணிக்கை மாவட்டச் சராசரியில் கரைந்துபோகும். மாவட்டத் தேர்ச்சி விகிதம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் பளியர் குழந்தைகள் அதில் தெரியமாட்டார்கள். அவர்கள் பள்ளிக்கு வருகிறார்களா, எட்டாம் வகுப்புக்குப் பிறகு எங்கே போகிறார்கள் என்பதைப் பெயர் பெயராகத்தான் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கக்கூடியவர் மலையடிவாரப் பள்ளியில் இருக்கும் ஆசிரியர் ஒருவர்தான்.

மற்ற சாதிகள்? ‘எங்கள் ஆட்கள் இத்தனை சதவீதம்’ என்று தேர்தல் நேரத்தில் பலரும் சொல்கிறார்கள். எல்லாச் சாதிகளையும் எண்ணி அட்டவணையாக வெளியிட்ட கடைசிக் கணக்கெடுப்பு 1931இல் நடந்தது. அப்போது தேனி மாவட்டமே கிடையாது. இந்தப் பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. 2011இல் தனியாக எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின் சாதி விவரமும் வெளியிடப்படவில்லை. ஆகவே இன்று சொல்லப்படும் சதவீதங்கள் எல்லாம் ஊகமே. மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவர் அப்படி ஓர் எண்ணைச் சொன்னால், ‘இது எந்த ஆண்டுக் கணக்கு, யார் எண்ணியது?’ என்று கேட்கப் பழக்குங்கள். சமூக அறிவியலில் அதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை.

எண்ணுவது நன்மைக்கும் பயன்படும், தீமைக்கும் பயன்படும். நம் பகுதி இரண்டையும் கண்டிருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் குற்றப்பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர் சமூகத்தையே குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏற்றியது. கைரேகை எடுத்தார்கள், இரவு நேரத்தில் காவலுக்குள் வைத்தார்கள். அதை எதிர்த்த மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. சீரமைப்பு என்ற பெயரில் அக்காலத்தில் தொடங்கப்பட்டவைதான் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இயங்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். உங்களில் சிலர் அங்கேயே பணியாற்றுகிறீர்கள். ஒரு பதிவேடு ஒரு தலைமுறையை முடக்கியது. இன்னொரு பதிவேடு, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, அடுத்த தலைமுறையைப் படிக்க வைத்தது. இரண்டிலும் எழுதப்பட்டது அதே சமூகத்தின் பெயர்தான். எதற்காக எழுதினார்கள் என்பதுதான் வேறு.

கணக்கெடுப்புப் பணியில் இரண்டு விதிகளை மறக்க வேண்டாம். ஒன்று, தாய்மொழி. ஒருவரின் சிறுவயதில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழியே தாய்மொழி என்பது கணக்கெடுப்பின் விளக்கம். பெயரைப் பார்த்தோ சாதியைப் பார்த்தோ நாமாக ஊகிக்கக் கூடாது. ‘எல்லாரும் தமிழ்தானே’ என்று கேட்காமலே நிரப்பிவிட்டால், ஒரு வீட்டின் மொழி நம் நாட்டின் கணக்கிலிருந்து போய்விடும். மற்ற நாடுகளிலும் சொல்பவரின் சொல்லுக்குத்தான் மதிப்பு. அமெரிக்காவில் இனம் பற்றிய கேள்விக்குக் குடும்பத்தினரே விடை குறிக்கிறார்கள். 2000 முதல் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களையும் குறிக்கலாம். இரண்டாவது விதி, இரகசியம். 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரங்கள் இரகசியமானவை. வீட்டு வாசலில் கேட்டதை டீக்கடையில் பேசக் கூடாது. ஆசிரியர் அறையிலும் பேசக் கூடாது.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். எமிஸில் ஒவ்வொரு மாணவரின் சமூகமும் நம்மிடம் இருக்கிறது. உதவித்தொகை, சாதிச் சான்று, விடுதிச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் அது தேவை. அது இல்லாவிட்டால் உரிய குழந்தைக்கு உரிய உதவி போகாது. ஆனால், ‘உதவித்தொகை வாங்குற எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்க’ என்று வகுப்பில் சொல்லும் வழக்கம் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. சொல்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. எழுந்து நிற்கும் குழந்தைக்கோ அந்த ஆண்டு முழுவதும் அந்த அடையாளம் தொடரும். பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசலாம். படிவத்தை உறையில் வைத்துக் கொடுத்தனுப்பலாம். செலவு ஒன்றுமில்லை.

மொழி விஷயத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்யலாம். அதை வகுப்பில் வெளிப்படையாகக் கொண்டுவரலாம். ஒன்றாம் வகுப்புக்கு வரும் சில குழந்தைகளுக்கு வீட்டில் கன்னடமோ தெலுங்கோதான் பழக்கம். ஆலைகளிலும் தோட்டங்களிலும் வேலை செய்யும் வடமாநிலத்தவரின் குழந்தைகளும் இப்போது வருகிறார்கள். ‘உங்க வீட்டுல இதுக்கு என்ன பேரு?’ என்று கேட்டுப் பாருங்கள். தமிழில் பால், தெலுங்கில் பாலு, கன்னடத்தில் ஹாலு. பசுவைத் தெலுங்கில் ஆவு என்பார்கள், பழந்தமிழில் ஆ. பேசத் தயங்கிய குழந்தை அன்று வகுப்புக்கே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்திருக்கும். யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். சொல்ல விரும்பும் குழந்தை சொல்லட்டும்.

தெரிந்துவைத்திருக்க வேண்டியதைத் தெரிந்துவைத்திருப்போம். வெளியே சொல்லக் கூடாததைச் சொல்லாமல் இருப்போம். இந்தக் கல்வியாண்டில் உங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்து ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். தொடர்ந்து வராத பெயர்கள் யாருடையவை, அவர்கள் எந்தக் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள் என்று பாருங்கள். மாவட்டத்தின் மக்கள்தொகையில் நாம் உடனடியாக மாற்றக்கூடிய பகுதி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.