கடனாக வந்த கல்விக்கொடை



கல்விக்கு ஈவது சிறந்த ஈகை. ஈயும் முறை அதனினும் சிறந்தது. 1892ஆம் ஆண்டில் ஜாம்ஷெட்ஜி டாட்டா, இந்திய மாணவர் அயல்நாடு சென்று உயர்கல்வி பெற ஓர் அறக்கட்டளை நிறுவினார். உதவி கடனாகவே வழங்கப்பெற்றது. கற்றவர் திருப்பிச் செலுத்திய பொருள், அடுத்து வந்தவரின் பயணத்துக்குப் பயன்பட்டது. பெற்றவர் இரவலராக நிற்கவில்லை. பின்வருவோர்க்குத் தாமே புரவலராயினார்.

1902இல் மறைந்த செசில் ரோட்சின் உயில், ஆக்ஸ்ஃபோர்டுக்கு வரும் மாணவரிடம் தலைமைப் பண்பை நாடியது. எனினும், 1977ஆம் ஆண்டுவரை பெண்களுக்கு அதன் வாயில் அடைபட்டே கிடந்தது. டாட்டாவின் கொடையோ தொடக்கக் காலத்திலேயே பெண் மருத்துவர்களைக் கடல் கடக்கச் செய்தது.

திருவிதாங்கூரின் உழவூரில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர் கே. ஆர். நாராயணன். கட்டணம் செலுத்த இயலாமல் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடங் கேட்டவர். 1945இல் டாட்டா உதவியால் இலண்டன் சென்று, பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியிடம் பயின்றார். 1997இல் இந்தியக் குடியரசுத் தலைவரானார். வெளியே நின்ற மாணவனை நாட்டின் முதற்குடிமகனாக்கிய பயணத்தில் அக்கொடைக்கும் ஒரு பங்குண்டு.

பெற்றதைப் பின்வருவோர்க்குத் தருதலே தலைமையின் முதற்பாடம். அப்பாடம் அந்தக் கடன் முறைக்குள்ளேயே அமைந்திருக்கிறது. செல்வர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக!