எரிய மறுக்கும் உருளை

டர்போ பூட்டிய பெற்றோல் கார் ஒன்று கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறுகின்றது. சமதரையில் ஒழுங்காக ஓடிய இயந்திரம் இங்கே திக்கித் திணறுகின்றது. எதிரே மஞ்சள் விளக்கொன்று மின்னி மின்னி மறைகின்றது. உருளைகளுள் ஒன்று தன் முறை வந்தும் எரியத் தவறுகின்றது என்பதே இதன் பொருள்.

ஏற்றத்தில் மட்டும் ஏன் தவற வேண்டும்? டர்போ வளியை நெருக்கி உருளைக்குள் திணிக்கின்றது. அமுக்கம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு உயர்ந்த வோல்ற்றளவு வேண்டும். தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும், மின்காப்பு வெடித்த கொயிலும் சமதரையில் ஒருவாறு சமாளித்துவிடும். சுமை ஏறியதும் தோற்றுவிடும்.

விளக்கு மின்னும்போது வேகத்தைத் தணித்து, வண்டியை ஓரங்கட்டுவதே முறை. எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே சென்று ஊக்கி மாற்றியில் எரிந்து, அதனை உருக்கிவிடக்கூடும். அதன் விலையோ கொயிலின் விலையைப் போலப் பன்மடங்கு.

கராஜிலே குறி வாசிக்கும் கருவி 'பி 0302' என்று காட்டினால், தவறுவது இரண்டாம் உருளை என்று அறியலாம். ஆனால் அக்குறி உருளையைச் சொல்கின்றதேயன்றிப் பழுதான உறுப்பைச் சொல்வதில்லை. இதனை மறந்து, நான்கு கொயில்களையும் ஒருங்கே மாற்றச் சொல்வோர் உளர். பணம் கொடுக்குமுன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். இயந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, இரண்டாம் உருளையின் கொயிலை மூன்றாவதில் பூட்டி, மூன்றாவதை இரண்டாவதில் பூட்டுக. குறியை அழித்து மீண்டும் ஓட்டும்போது 'பி 0303' தோன்றினால் குற்றவாளி கொயிலே. குறி இடம் மாறாவிடின் பிளக்குகளை அவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். பிளக் இருக்கும் குழியில் எண்ணெய் தேங்கியிருப்பின் வால்வு மூடியின் காஸ்கற் கசிகின்றது. அதைச் சீராக்காமல் புதிய கொயில் பூட்டுவது வீண்செலவு.

அக்காலத்து மெக்கானிக்குகள் ஓடும் இயந்திரத்தில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, செவியாலேயே நோயறிந்தார்கள். பல்லாயிரம் வோல்ற்று பாயும் இக்காலக் கொயில்களில் அப்பழக்கம் ஆகாது.

பிளக்கை மாற்றியும் இரண்டாம் உருளையே தவறுமாயின், பெற்றோலைத் தெளிக்கும் இஞ்செக்டரையும் உருளையின் அமுக்கத்தையும் சோதித்தல் வேண்டும். அமுக்கம் குறைந்திருந்தால் வால்வோ பிஸ்டன் வளையமோ பழுது. அது பெரிய வேலை. உருளைக்குள் நேரே பெற்றோல் தெளிக்கும் இயந்திரங்களில், உள்வால்வுகளைப் பெற்றோல் கழுவுவதில்லை. ஆதலின் அவற்றில் கரி படியும். காலையில் குளிர்ந்த நிலையில் மட்டும் திணறும் வண்டியில் இதனை ஐயுறலாம்.

புதிய பிளக்கின் இடைவெளி தயாரிப்பாளர் கைந்நூலிற் கூறியபடியே இருத்தல் வேண்டும். டர்போ இயந்திரங்கள் பலவற்றில் அது 0.7 அல்லது 0.8 மில்லிமீற்றர் அளவினது. அலுமினியத் தலையின் புரிகள் மென்மையானவை. எனவே இயந்திரம் ஆறிய பின், முதலில் விரலாலேயே திருகி, இறுதி முறுக்கை மட்டும் அளவு காட்டும் சாவியால் கொடுக்க வேண்டும்.