வாசலில் ஒரு கோலியஸ்



கிள்ளானில் வரிசை வீடானாலும் பிரிக்ஃபீல்ட்ஸில் அடுக்குமாடியானாலும், செடி வைக்க நமக்குக் கிடைப்பது சின்ன வாசலோ தாழ்வாரமோதான். காலையில் கொஞ்ச நேரம் வெயில் விழும், அப்புறம் நிழல். ரோஜாவுக்கு அது போதாது. வண்ண இலைகளைக் கொண்ட கோலியஸுக்கு அதுவே தோதான இடம்.

மலாய்க்காரர்கள் ஆத்தி-ஆத்தி என்று சொல்லும் இந்தச் செடி, தென்கிழக்காசியாவில் இயல்பாக வளர்வது. 19ஆம் நூற்றாண்டில் ஜாவாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. குளிர் தாங்காததால் அங்கே கண்ணாடிக் கூடத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். இங்கே ஆண்டு முழுவதும் வளரும். தண்டைத் தொட்டால் நான்கு பட்டையாக இருக்கும். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் தேடுகிறோமே கற்பூரவல்லி, அதுவும் இதே பேரினம்தான். அதற்காகக் கோலியஸ் இலையை வாயில் வைத்துவிடாதீர்கள். இது கண்ணுக்கு மட்டும்.

இருட்டு மூலையில் வைத்தால் சிவப்பும் ஊதாவும் மங்கிப் பச்சையோடும். உச்சி வெயிலில் இலை வெளிறி ஓரம் கருகும். ஆனால் நம் ஊரில் இந்தச் செடியைச் சாகடிப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மாலையில் இடியோடு கொட்டும் மழை தொட்டியில் தேங்கினால் வேர் அழுகி, செடி துவண்டுவிடும். வாடிவிட்டதே என்று மேலும் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். மண்ணோடு உமிக்கரியும் தேங்காய் நார்த்தூளும் கலந்தால் தண்ணீர் தங்காமல் வடியும்.

அடிக்கடி நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளை விட்டுப் புதராக அடர்ந்து வரும். நீலப் பூங்கதிர் தலைகாட்டினால் அதையும் கிள்ளிவிடலாம். கிள்ளிய நுனி நான்கு விரல் நீளம் இருந்தால், அடி இலைகளை எடுத்துவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் கணுவில் வெள்ளை வேர் இறங்கும். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம்.

முதல் செடியை விலைக்கு வாங்குவதென்றால் சுங்கை பூலோ நர்சரிகளுக்குப் போய் வாருங்கள். அந்த நர்சரிகள் இருப்பது 1930இல் தொழுநோயாளிகளுக்காக அமைத்த குடியிருப்பில். ஊர் ஒதுக்கிவைத்த அந்த மனிதர்கள் செடி வளர்த்துத் தங்கள் சொந்த உழைப்பில் தலைநிமிர்ந்தார்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீட்டு வாசல்களின் பசுமை அவர்கள் தொடங்கிவைத்தது. அதை நாம் மறக்கக் கூடாது.

முக்கியமான ஒன்று. முட்டையிலிருந்து ஏடிஸ் கொசு வெளிவர ஒரு வாரம், பத்து நாள் போதும். வேர்விட வைத்த போத்தலிலும் தொட்டித் தட்டிலும் உள்ள தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கொரு முறை தவறாமல் கொட்டிவிடுங்கள்.