கொடுப்பவர் நோக்கும் பெறுபவர் நோக்கும்

பரிசுத் தேர்வின் உளவியலை ஆராயக் கூடியுள்ள இக்கருத்தரங்கின் முன்நிற்கும் முதல் வினா, நெருங்கிப் பழகியவருக்குக்கூடப் பொருத்தமான பரிசைத் தேர்வதில் மனிதர் ஏன் அடிக்கடி தவறுகின்றனர் என்பதாகும். அன்புக் குறைவையோ சிக்கனத்தையோ இதற்குக் காரணமாகச் சொல்வது எளிது. எனினும் 2016இல் ஜெஃப் கேலக், ஜூலியன் கிவி, எலனோர் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து முன்வைத்த விளக்கம் வேறு. கொடுப்பவர் பரிசு கைமாறும் அந்த நொடியையும், அப்போது பெறுபவர் முகத்தில் தோன்றக்கூடிய மலர்ச்சியையும் எண்ணித் தேர்கிறார்; பெறுபவரோ அப்பொருளோடு தாம் கழிக்கப்போகும் நாள்களை வைத்தே அதை மதிக்கிறார். பல வீடுகளின் பரண்களில் உறை பிரிக்கப்படாமல் அடுத்த திருமணத்துக்காகக் காத்திருக்கும் சுவர்க் கடிகாரங்கள் இவ்விளக்கத்துக்குப் போதிய சான்று.

விலை குறித்த நம்பிக்கையும் இவ்வகையினதே. பிரான்சிஸ் ஃபிளின், கேப்ரியல் ஆடம்ஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நிச்சயதார்த்த மோதிரம் வாங்கித் தந்த ஆண்கள் விலை கூடக்கூடப் பெண்ணின் மகிழ்ச்சியும் கூடும் என்று நம்பினர். அம்மோதிரத்தைப் பெற்ற பெண்களின் மகிழ்ச்சிக்கும் அதன் விலைக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஃபிளின் பின்னர் ஃபிரான்செஸ்கா ஜினோவுடன் சேர்ந்து 2011இல் காட்டியது இன்னும் கூர்மையானது: இன்னது வேண்டும் என்று கேட்டதைக் கொடுத்தால் அதில் அக்கறை இல்லை எனக் கருதப்படும் என்று கொடுப்பவர் தயங்குகையில், பெறுபவர் கேட்டது கிடைத்ததையே கூடுதல் அக்கறையின் அடையாளமாக மதிக்கிறார். நாள்தோறும் இரு நிலையிலும் மாறி மாறி நிற்கும் மனிதர், பெறுபவராக இருந்து அறிந்ததைக் கொடுப்பவராக மாறியதும் மறந்துவிடுவதே இங்கு வியப்புக்குரியது.

பொருளியலாளர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் எழுதிய கட்டுரை, கிறிஸ்துமஸ் பரிசுகளின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்றது. அதாவது, கொடுப்பவர் செலவிட்ட தொகைக்கும் பெறுபவர் அப்பொருளுக்குத் தாமே தர முன்வரும் தொகைக்கும் இடையிலான வேறுபாட்டை அவர் இழப்பாகக் கொண்டார். உணர்வு சார்ந்த மதிப்பை விலக்கிவிட்டு விலை சொல்லுமாறு அமெரிக்க மாணவர்களைக் கேட்டுப் பெற்ற கணக்கு இது என்பதை, அதை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை. பரிசைப் பரிசாக்குவதை நீக்கியபின் எஞ்சுவதை அளந்து, பரிசளிப்பதே வீண் என முடிவுகட்டுவது முறையாகாது.

மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் விளக்கியபடி, கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் ஆகிய மூன்றும் கடமைகளாகப் பிணைந்தவை. மேற்கண்ட உளவியல் ஆய்வுகள் முதலிரண்டில் நின்றுவிட, மூன்றாவதை நன்கு காட்டுவது தமிழகத்து மொய். மண்டப வாசலில் மேசையிட்டு அமர்ந்திருப்பவர் ஊர், பெயர், தொகை என வரிசையாக நோட்டில் எழுத, நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என ஒரு ரூபாய் கூட்டி வைக்கப்படும் அத்தொகையில் தேர்வுச் சிக்கல் ஏதும் எழுவதில்லை. பெறுபவர் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம். எனினும் மன அழுத்தம் மறைவதில்லை, இடம் மாறுகிறது: என்ன கொடுப்பது என்ற கவலை போய், அவர்கள் முன்பு எவ்வளவு செய்தார்கள் என்று பழைய நோட்டைப் புரட்டும் கவலை வருகிறது. செய்த மொய்யைத் திரும்பப் பெறவே புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதிகளில் மொய் விருந்து நடத்தப்படுவது, மொய் நன்கொடையாக மட்டுமன்றி வட்டியில்லாக் கடனாகவும் இயங்குவதைக் காட்டுகிறது.

அன்பளிப்பைத் தவிர்க்குமாறு அழைப்பிதழில் அச்சிட்ட வீட்டுத் திருமணங்களிலும் விருந்தினர் உறையோடு வந்து கையில் திணித்துவிட்டுப் போகின்றனர். கொடுக்காமல் திரும்புவது அவர்களுக்கு ஏன் அவ்வளவு கடினமாகிறது என்பதை அமெரிக்க மாணவர்களிடம் கேட்ட வினாக்களைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. இக்கருத்தரங்கின் அமர்வுகள் அவ்வினாவிலிருந்து தொடங்குவது பயனுடையதாகும்.